சிவப்பு லைற்றுக்குக் கீழே

வெள்ளி பின்னேரம்
லீசிங் கொம்பனி சட்டரை இழுத்து விடும்போதே
என்னுடைய இரண்டு நாளும் முடிந்துவிட்டன.
சனி பத்து மணிக்குத் தர்மினி, கல்வியங்காடு.
பன்னிரண்டுக்கு ஜெனிற்றா, குருநகர்.
நாலு மணிக்குக் கோட்டை.
கபில்ராஜின் ஒன்றுவிட்ட தங்கச்சி
மட்டக்களப்பிலிருந்து வந்து நிற்கிறாளாம்,
ஊரைச் சுற்றிக் காட்டவேணுமாம்.
நானே வந்து ஏழு மாதம்.

வாளிக்குள் உடுப்பு
புதன்கிழமையிலிருந்து ஊறுகிறது.

"சாப்பிட்டுத்தான் வந்தனான்" என்றேன்.
தர்மினியின் அம்மாவுக்கு அது
"இன்னும் ரெண்டு போடுங்கோ" என்று கேட்டது.
மூன்றாவது இடியப்பத் தட்டு வரமுதல்
ஹெல்மெற்றைத் தலையில் கொழுவிக்கொண்டேன்.
ஹெல்மெற்றோடேயே ஒரு வாழைப்பழம் தின்றேன்.

குருநகரில் ஜெனிற்றாவின் அண்ணன்
வள்ளத்துக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தான்.
பேருக்கென்று விட்ட இடம் மட்டும் வெள்ளை.
அந்தோனியார் என்கிறா தாய்.
அவன் வாய் திறக்கவில்லை.
வேறொரு பேர் இருக்கிறதென்று
ஜெனிற்றா கண்ணால் சொன்னாள்.
யாரென்று நான் கண்ணால் கேட்க,
கணவாய்க் கறி வந்துவிட்டது.
திரும்பும்போது என் சட்டைக் கையில் நீலம்.
திங்கள் வேலைக்குப் போட
வேறு சட்டை இல்லை. (வாளி.)

கோட்டையில் அறிவிப்புப் பலகையை
முதல் நான் களவாய் வாசித்தேன்.
பிறகு திரும்பி நின்று,
தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்தவள் மாதிரி
ஆண்டுகளைச் சொன்னேன்.
கடைசியாய் ஒன்று பிழைத்துவிட்டது.
மட்டக்களப்புக்காரி பலகையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
"அப்படியா அக்கா" என்றாள்.
பண்ணைக் காற்று இரண்டு பேரின் முகத்தையும்
தலைமயிரால் மூடி உதவி செய்தது.
நல்லூரில் ஐஸ்கிறீம்.
காசு குடுக்கப்போவதாய்
கபில்ராஜ் நெடுநேரம் பையைத் தடவினான்.

ஞாயிறு எங்கே போனதென்று தெரியாது.
ஒரு பிறந்தநாள், ஒரு சாமத்திய வீடு,
பெற்றோல் செற்றில் அரை மணித்தியாலம்,
ஒரே சந்தியை மூன்றுமுறை கடந்தது.
வழி கேட்டால் எல்லாரும்
இப்ப இல்லாத கடை ஒன்றைச் சொல்கிறார்கள்:
"முந்தி சைக்கிள் கடை இருந்த இடத்தால திரும்புங்கோ."
முந்தி நான் புதுக்குடியிருப்பில் இருந்தேன்.
அந்தக் கடையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கடைசியாய், ஐந்து சந்தி தாண்டி, றிஸ்னா வீடு.
மேல்மாடி இன்னும் இல்லை.
பிளேற் மட்டும் போட்டிருக்கிறது,
தூண் கம்பிகள் நாலு மூலையிலும் நீட்டிக்கொண்டு.
புத்தளத்திலிருந்து திரும்பிவந்த வாப்பா
காசு வர வர ஒரு சுவர் எழுப்புகிறார்.
அவள் பிறந்ததும் படித்ததும் அங்கே.
அவளுக்கும் இது புது ஊர்தான்,
ஆனால் அப்படி யாருக்கும் சொல்லமாட்டாள்.

சீமெந்துப் பையை விரித்து இருந்தோம்.
இஞ்சிப் பிளேன்ரீ.
கீழே தொழுகை முடிந்து போகிறவர்களின் செருப்புச் சத்தம்.
அங்காலே பார்த்தால்
ரெண்டு நாளாய் நான் ஓடித்திரிந்த முழு இடமும்
ஒரு பாயளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.
அது ஆஸ்பத்திரி. அது கோட்டைப் பக்கம், இருட்டு.
அது கோபுரம்.
"உன்ர ரூம் எங்க?" என்றாள்.
தேடினேன். கிடைக்கவில்லை.
வாடகை கட்டுகிற இடம்,
கிணற்றுக் கப்பியின் சத்தம் வரைக்கும் தெரிந்த இடம்,
மேலேயிருந்து பார்க்க எங்குமே இல்லை.
அவள்தான் கையை நீட்டினாள்:
"ரவர் ஒண்டில சிவப்பு லைற் தெரியுதே,
திருநெல்வேலிப் பக்கம்? அதுக்குக் கீழ."

இரவு பத்தரைக்கு உடுப்பை அலசிக்கொண்டு
அண்ணாந்து பார்த்தேன்.
ஏழு மாதம் என் தலைக்கு மேலேயே எரிந்திருக்கிறது.
ஈரக்கையோடு றிஸ்னாவுக்கு அனுப்பினேன்:
வந்து சேர்ந்திட்டன். லைற்றுக்குக் கீழ நிக்கிறன்.
உடனே பதில்:
நான் இன்னும் மேலதான். போன் ரோர்ச்சை ஆட்டுறன், தெரியுதா?

இடையில் எத்தனை பனை, எத்தனை கூரை,
நாலு கிலோமீற்றர் இருட்டு.
மதிலில் ஏறி நின்றும் பார்த்தேன்.

ஓம், தெரியுது என்று அனுப்பினேன்.