பச்சைப் பொட்டலம்

துறைமுகக் காற்று கண்ணாடியை உலுக்கும்
மொண்டெவீடியோவின் ஒரு நான்காம் மாடியில்
ஐந்து நாள் வயது எலிக்குட்டிகளின் முதுகைத்
தூரிகையால் நீவிவிடுவது என் வேலை.
நீவும்போது கொஞ்சம் புதினா வாசனை,
அவ்வளவுதான்.
கண் திறக்காத அந்த ரோஜாநிறச் சுண்டுவிரல்கள்
மறுநாள் புதினா இருக்கும் பக்கமாக ஊர்ந்து போகும்.

மூளைத்தண்டில் ஒரு நீலப் புள்ளி உண்டு.
பிறந்த புதிதில் அது மூடத் தெரியாத குழாய்.
நோர்எபிநெஃப்ரின் கொட்டிக்கொண்டே இருக்கும்.
அந்த ஈரத்தில் வந்து விழும் எந்த மணமும்
அம்மா.
தூரிகைக்குப் பதில்
சுருக்கென்று ஒரு மின் அதிர்ச்சி கொடுத்தாலும்
குட்டி அதே பக்கம்தான் ஊரும்.
வெறுக்கக் கற்றுக்கொள்ளும் அறை
இன்னும் திறக்கவில்லை அதற்கு.
இதைப் படித்த அன்று
மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

மனிதக் குழந்தையிடம் இதில் எவ்வளவு உண்மை என்று
எங்களுக்கே இன்னும் சரியாகத் தெரியாது.

ஜூலை மாதம், நல்ல குளிரில், அவன் வந்தான்.
கோப்பில்: ஆண். மூன்று நாள். இரண்டு கிலோ நானூறு.
தற்காலிகப் பராமரிப்பாளர்: இர்மா பெட்டான்கோர்.
தற்காலிக என்ற சொல்லுக்குக் கீழே
அதிகாரி இரண்டு கோடு போட்டிருந்தாள்.
ஹார்மோன்கள் கோப்பு படிப்பதில்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு
சட்டைப் பொத்தானைக் கழற்றி
நெஞ்சோடு நெஞ்சாகப் போட்டுக்கொள்வேன்.
பாலில்லாத மார்பில் அவன் சற்று நேரம் தேடுவான்,
புட்டியைக் கண்டதும் மன்னித்துவிடுவான்.
அவன் தூங்கியபின் ஆறிப்போன மாத்தேயை
குழல்வழி உறிஞ்சுவேன், சத்தம் வராமல்.
அந்த இலையின் புகைமணம் என் மூச்சில், கழுத்தில்,
அவன் முகம் புதைத்த இடத்தில்.

உச்சி முகராதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
முகர்ந்தேன்.

பன்னிரண்டாம் நாள், யாருக்கும் தெரியாமல்,
என் எச்சிலைச் சோதனைக்குழாயில் துப்பி
ஆக்ஸிடோசின் தட்டின் கடைசிக் குழியில் சேர்த்தேன்.
எண் வந்தது.
கூடுதலா? குறைவா?
அவன் வருவதற்கு முந்தைய எண் என்னிடம் இல்லை.
ஒற்றை எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாதென்று
மாணவர்களிடம் கத்துகிறவளே நான்தான்.
தாளைக் கிழிக்கவும் இல்லை.

தகுவாரெம்போவிலிருந்து ஒரு தம்பதி தேர்வானார்கள்,
சுல்மா, ஹொராசியோ.
மூன்று இரவு போட்ட சட்டையை
துவைக்காமல், வாசனைத் திரவியம் தெளிக்காமல்
அனுப்பி வையுங்கள் என்றேன்.
பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அனுப்பினார்கள்.
குதிரையும் வெயிலும் மணக்கும் சட்டை.
அதைத் தொட்டிலில் விரித்துப் போட்டேன்.
முதல் நாள் அவன் என் பக்கம் திரும்பினான்.
ஐந்தாம் நாள், சட்டையின் பக்கம்.
நான் எதிர்பார்த்த முடிவு அது.
குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

நாற்பத்தோராம் நாள் கொடுத்தேன்.
கையெழுத்து மூன்று இடத்தில்.

ரத்தத்தில் ஆக்ஸிடோசின்
சில நிமிடங்களில் பாதியாகிவிடும்.
பாடப்புத்தகத்தில் இருக்கிறது.
மீதியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.
பாசம் என்றால் கயிறுதானே,
ஒரு முனையை அவிழ்த்தால் மறுமுனை
கையிலேயே கிடக்கிறது.

பதினோராம் இரவு தொலைபேசி.
ஹொராசியோ. குரலில் தூக்கமில்லை.
பின்னால் அந்த அழுகை; எனக்குத் தெரிந்த அழுகை.
"தொந்தரவுக்கு மன்னிக்கணும்,
நீங்க எந்த மாத்தே குடிப்பீங்க?"

பச்சைப் பொட்டலம் என்றேன். புகை போட்ட இலை.
தண்ணீரைக் கொதிக்க விடாதீர்கள்,
நன்றாக ஆறட்டும்.
அவனுக்கல்ல, நீங்கள் குடியுங்கள்,
பிறகு மார்பில் போட்டுக்கொள்ளுங்கள்.
வைத்துவிட்டார். அப்புறம் அழைக்கவில்லை.
தூங்கியிருப்பான்.

இப்போது நான் சிவப்புப் பொட்டலம் வாங்குகிறேன்.