எர்லன்ஹாங் 94

விடிய மூன்றரை.
பத்திரிகைக் கட்டு வாசலில் விழும் சத்தத்துக்கு முன்பே
என் நெஞ்சு எழும்பி நின்றது.
ஓடவில்லை, படி ஏறவில்லை,
படுத்துக்கிடந்த என்னை
யாரோ உள்ளேயிருந்து தட்டினார்கள்.

மருந்து வேலை செய்யுது, என்றார் குலமதி அக்கா.
கொழுப்புக் கரையும்போது
கொஞ்சம் படபடக்குமாம்.

தொடக்கம் ஒரு மண்டபத்தில்.
சோற்றுத் தட்டோடு நின்ற என்னைப் பார்த்து
"நல்லா வைச்சிட்டீர்" என்றாள் ஒருத்தி,
எதையோ அடகு வைத்தவளிடம் சொல்வதுபோல.
அன்றிரவே குழுவில் சேர்த்துவிட்டார்கள்.
முன்பு, பின்பு என்று படங்கள்.
முன்பு நின்றவளுக்கு இடக்கன்னத்தில் மச்சம்,
பின்பு நின்றவளுக்கு வலக்கன்னத்தில்.
கண்ணாடியில் எடுத்திருப்பாள் என்று
அவர்களுக்காக நானே சமாதானம் சொன்னேன்.

ஐம்பத்தொன்பது யூரோ.
இன்றிரவு மட்டும் என்றார்கள்.
மூன்று வாரமாக இன்றிரவாகவே இருந்தது.

டப்பாவில் ஒரு பச்சை இலை.
கொறுக்காய்ப்புளி, வெந்தயம், இஞ்சி,
எல்லாம் என் குசினியில் இருப்பவைதான்.
மீன்குழம்புக்குப் போடுவது
இடுப்புக்கும் நல்லதாய் இருக்கட்டுமே.
அடியில் பொடி எழுத்தில்:
ஆய்வகம், எர்லன்ஹாங் 94, வூப்பர்டால்.
"பாரும், உம்மட ஊரிலேயே செய்யிறது."
அந்த ஒரு வரிக்குத்தான் நான் காசு கொடுத்தேன்.

நாலு கிலோ குறைந்தது. பொய் சொல்லக்கூடாது.
நாக்கு காய்ந்த துணியாயிற்று.
நித்திரை, இந்த ஊரின் தொங்கு ரயில்போல
தரையில் கால் படாமலே
போய் வந்துகொண்டிருந்தது.

பிறகு மாரெக் காலை உடைத்துக்கொண்டான்.
அவனுடைய தெருக்களும் என் தலையில்.
செவ்வாய்க்கிழமை, தூறல்,
எர்லன்ஹாங் முழுவதும் படிக்கட்டு.
55இல் நாய்.
57இல் தபால்பெட்டி மூடி இறுகிக் கிடந்தது.
61இல் ஒரு விளக்கு, வாசலில் பிள்ளையின் சப்பாத்து.
அதற்குப் பிறகு வேலி.
வேலிக்கு அப்பால் சரிவு, தண்டவாளம்.
இரட்டை எண்கள் எதிர்ப்பக்கம்
48இலேயே களைத்துப்போய் நின்றுவிட்டன.
கைவிளக்கை அடித்துப் பார்த்தேன்.
94 இருக்கவேண்டிய இடத்தில்
இடுப்பளவு காஞ்சொறி.
அந்த முகவரியில் முளைத்த ஒரே மூலிகை.

சிரித்தேன்.
நெஞ்சு சிரிக்கவில்லை, அடித்துக்கொண்டேயிருந்தது.

அப்போதேக்கே திறக்கும்வரை வாசலில் நின்றேன்.
வெள்ளைச் சட்டைக்காரி டப்பாவைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
தொகுதி எண் இல்லை.
காலாவதித் திகதி, மேலே ஒட்டிய தாள்;
நகத்தால் உரித்தாள், கீழே இன்னொரு வருடம்.
பிரஷர் மாத்திரை எடுக்கிறீர்களா என்று கேட்டாள்.
எடுக்கிறேன். ஒருவருக்கும் சொல்லவில்லை,
ஒருவரும் கேட்கவும் இல்லை.
என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள்.
"மூலிகை இவ்வளவு வேகமாக ஓடாது," என்றாள்.
"இதற்குள் எதையோ கலந்திருக்கிறார்கள்,
எதை என்று டப்பா சொல்லாது.
இனி ஒன்றுகூட வேண்டாம்,
இப்போதே டாக்டரிடம் போங்கள்."

காஞ்சொறியின் படத்தைக் குழுவில் போட்டேன்.
"உங்கள் ஆய்வகம்" என்று மட்டும் எழுதினேன்.
பதினோராவது நிமிடத்தில் என்னை நீக்கினார்கள்.
பன்னிரண்டாவதில் குலமதி அக்காவின் அழைப்பு.
கத்துவார் என்று நினைத்தேன்.
"நாப்பது டப்பா கட்டிலுக்குக் கீழ கிடக்குது, பிள்ளை.
சீட்டுக் காசில எடுத்தது.
நானும் குடிக்கிறன்.
எனக்கும் நெஞ்சு அடிக்குது."

எனக்குச் சேர்த்துவைத்திருந்த கோபமெல்லாம்
வீட்டு எண் இல்லாமல் நின்றது.
அப்போதேக்கே எட்டு மணிக்குத் திறக்கும் என்றேன்,
நாற்பதையும் கொண்டு வாருங்கோ.

வந்தார். டாக்டரிடமும் போனார்.
ஆனாலும் தன் கண்ணால் பார்க்கவேண்டுமாம்.
இரண்டு கிழமை கழித்து, ஒரு விடியலில்,
படிக்குப் படி நின்று நின்று ஏறினார்.
வேலியடியில் ஈரக் கம்பியைத் தடவிக்கொண்டு
அழைப்புமணி எங்கே என்று தேடுபவர்போல நின்றார்.

பையில் ஒரு பத்திரிகை மிஞ்சியிருந்தது.
விரித்துப் படியில் போட்டேன்.
மூச்சு வரும்வரை இருந்தோம்.