வீணானவை: நான்கு

ஐஸ்பேக்கைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும்.
உள்ளே தண்ணீர் சளக்கென்றால்
பெட்டிக்குள் அடுக்கலாம்.
கல்லாய் இறுகியிருந்தால் சில மருந்துகள்
உறைந்தே செத்துப்போகும்.
குளிருக்கும் ஓர் அளவு உண்டு என்பதைப்
புதன்கிழமைதோறும் ஆறரை மணிக்கு
அஞ்செட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில்
காதால் படிக்கிறேன்.

நாட்றாம்பாளையம் சாலையில் மினிபஸ் நின்றுவிட்டது.
முன்னால் யானை.
பின்னால் ஒரு தக்காளி வேன்.
டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுப்
பீடியைத் தடவுகிறார், பற்றவைக்கவில்லை.
எல்லோரும் யானையைப் பார்க்கிறார்கள்.
நான் மடியில் இருக்கும் நீலப் பெட்டியை,
திறக்காமல், பார்க்கிறேன்.

குப்பியின் மேல் ஒரு வட்டம்,
வட்டத்துக்குள் வெளுத்த ஒரு சதுரம்.
பட்ட வெப்பத்தையெல்லாம் கணக்கு வைப்பது அதன் வேலை.
சதுரம் கறுத்து வட்டத்தோடு ஒன்றாகிவிட்டால்
தூக்கி எறி என்பது பாடம்.
பதினோரு வருஷமாக இந்த மலை ஏறுகிறேன்.
எனக்கு அப்படி எதையும் யாரும் ஒட்டிவிடவில்லை.

மரிதொட்டிக்குக் கடைசி மூன்று கிலோமீட்டர் கால்தான்.
மூங்கில் சரிவில் ஆஷா முனிலட்சுமி முன்னே போகிறாள்,
காலை டீ தப்பிப்போன கோபத்தோடு.
"லிஸ்ட்ல அஞ்சு புள்ளைங்க இருக்குது அக்கா.
ஊர்ல இருக்குதான்னு மட்டும் கேக்காதீங்க."

அங்கன்வாடியில் பாய் விரித்தோம்.
ராகி அறுப்பு நாள்.
பத்து மணி. பத்தே முக்கால்.
கெம்பம்மா ஒருத்திதான் வந்தாள்,
இடுப்பில் ஒன்பது மாதம் முடிந்த மாதேஷ்,
அவன் வாயில் ரொட்டியின் ஓரம்.

ஒரு குப்பி, ஐந்து பிள்ளைகளுக்கு.
கலக்கிவிட்டால் நான்கு மணி நேரம் அதன் ஆயுசு.
இன்னும் நாலு பேர் வரட்டுமே என்றது
எனக்குள் உட்கார்ந்திருக்கும் ஸ்டோர் கணக்கு.
போன மாத ஆய்வுக் கூட்டத்தில்
ஏம்மா உன் செக்டரில் மட்டும் இவ்வளவு வீண் என்று
எழுப்பி நிறுத்திக் கேட்டார்கள்.
கெம்பம்மாவே கேட்டாள்: "நாளெ பர்லா அக்கா?"

நாளை நான் வேறொரு மலையில் இருப்பேன்.
நாளைக்கு, நாளைக்கு என்பவர்களின் வீடெல்லாம்
தட்டம்மைக்கு நன்றாகத் தெரியும்.

ஆம்பூலின் கழுத்தை உடைத்தேன்.
பொடி கரைந்தது.
குப்பியில் நேரம் எழுதினேன், பதினொன்று இருபது.
மாதேஷ் முதலில் ஆச்சரியப்பட்டான்,
அப்புறம்தான் அழுதான்.
அந்த அழுகை ராகிக் கொல்லை வரைக்கும் போய்
ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு திரும்பியது.

முனிலட்சுமி வீடு வீடாகப் போய் வந்தாள்.
இரண்டு பிள்ளைகள் பெங்களூரில்,
சென்ட்ரிங் வேலைக்குப் போன அப்பா அம்மாவோடு.
ஒரு வீடு பூட்டியிருக்கிறது, பூட்டில் சிலந்தி வலை.
இன்னொரு பெயரை ஊரில் யாருக்கும் தெரியவில்லை.
என் கையெழுத்துதான்.
யார் சொல்லி எழுதினேன் என்று எனக்கும் தெரியவில்லை.

மூன்று இருபதுக்குக் குப்பியைத் தனியே எடுத்து வைத்தேன்.
பதிவேட்டில்
செலுத்தியது: ஒன்று.
வீணானது: நான்கு.
காரணம் எழுத ஒரு விரல் அகலம் இடம் விட்டிருக்கிறார்கள்.
பெங்களூர் என்று எழுதலாம். அறுப்பு என்று எழுதலாம்.
யானை என்று எழுதினால் சிரிப்பார்கள்.
ஒரு குழந்தை வந்தது, என்று எழுதினேன்.

இறங்கும் வழியில், சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறிப்
பெங்களூர் எண்ணைக் கூப்பிட்டேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே என்று
கன்னடத்தில் ஒருத்தி சொன்னாள்.
எந்த எல்லை என்று அவள் ஒருபோதும் சொல்வதில்லை.
மீண்டும் அழுத்தினேன்.
முனிலட்சுமி ஐஸ்பேக்கை எடுத்துக்
கழுத்தில் ஒற்றிக்கொண்டாள்.
முழுக்கத் தண்ணீர்.
பெட்டி மட்டும்
காலையில் இருந்த அதே கனம்.