ஏழாம் வரிசை

படிவத்தில் விலாசம் எழுதும் இடத்தில்
பேனை கொஞ்சம் நின்றது.
பேத்தாழை, வாழைச்சேனை.
வரவேற்பு மேசைப் பிள்ளை வாசித்துவிட்டு
நிமிர்ந்து பார்த்தாள்.
இங்கிருந்து ஓட்டோவில் கால் மணித்தியாலம் இல்லை.

பேர்னில் இருந்து வந்த மச்சாள் எடுத்துத் தந்த அறை.
இரண்டு இரவு, மூன்று வேளைச் சாப்பாடு,
கடல் பார்த்த பக்கம்.
"உங்கட கடல்தான் கா, ஆனா
இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்க மாட்டீங்க"
என்று சிரித்தாள்.
உண்மைதான்.
நாங்கள் பார்த்தது வேலிக்கு அங்கால் நின்று,
ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில்,
மாங்காய்க்கு உப்புத்தூள் தொட்டுக்கொண்டு.

மணிக்கட்டில் மஞ்சள் நாடா கட்டிவிட்டார்கள்.
குகதாஸ் அதை உள்பக்கம் திருப்பி,
சேலைன் ஏற்றின கையைப் பிடிப்பதுபோலப்
பிடித்துக்கொண்டு நடந்தார்.

கட்டிலில் துவாயை மடித்து
இரண்டு அன்னம் செய்து வைத்திருந்தார்கள்,
கழுத்தோடு கழுத்து.
கலைக்க மனமில்லாமல்
ஓரத்தில் ஒடுங்கிப் படுத்தோம் முதல் மத்தியானம்.
நிதுர்ஷா ஓடிவந்து ஒன்றை உதறி
முகம் துடைத்தாள்.

சாப்பாட்டு மண்டபத்தில் நாற்பது மூடிகள்.
ஒவ்வொன்றாய்த் திறந்து திறந்து பார்த்து
கடைசியில் இடியப்பமும் சொதியும் எடுத்து வந்தார்.
பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரச் சோடி
ஒரு தோடம்பழத்தை
அவ்வளவு நேரமாக, பேச்சே இல்லாமல்,
மாறி மாறி உரித்துக்கொண்டிருந்தது.
கலியாணம் கட்டிப் பதினாலு வருசத்தில்
ஒரு வேலையும் இல்லாமல்
நாங்கள் எதிரெதிரே இருந்ததில்லை.
என்ன பேசுவதென்று தெரியாமல்
கரண்ட் பில்லைப் பற்றிப் பேசினோம்.

பின்னேரம் பிள்ளைகள் கடலுக்குள் போனார்கள்.
போய்க்கொண்டே இருந்தார்கள்.
பாசிக்குடா அப்படி,
இடுப்பைத் தாண்ட மனமில்லாத தண்ணி.
மச்சாளின் மகன் ஜேர்மனில் கத்தினான்.
நிதுர்ஷா தமிழில் கத்தினாள்.
இரண்டு பேருக்கும் நடுவால்
ஒரு சூடைக் கூட்டம் வெட்டித் திரும்பியது.

நான் நீச்சல் குளத்துப் படியில் கால் வைத்தேன்.
உயிர்காப்புப் பொடியன், ஓட்டமாவடி அஸ்மீர்,
தயங்கித் தயங்கி வந்தான்.
"மேடம், பருத்தி உடுப்போட எறங்க ஏலா."
பிறகுதான் குகதாஸைக் கண்டான்.
"சேர்" என்று தொடங்கி, பாதியில் விட்டு,
"மேசன் நானா தானே?"
அவர் உதட்டில் விரல் வைத்தார்.
இந்தக் குளம் வெறும் கிடங்காய்க் கிடந்த நாளில்
அவருக்குச் சீமெந்து குழைத்துக் கொடுத்தவன்.

இரவு பத்துக்குப் பிறகு
அஸ்மீர் விளக்குகளை நூர்த்துவிட்டு
கதிரைகளை எண்ணுகிறவன்போல
எங்களுக்கு முதுகு காட்டி நின்றான்.
சுடிதாரோடேயே இறங்கினேன்.
துப்பட்டா என்னைவிட்டு ஒரு முழம் தள்ளி மிதந்தது.
பகல் முழுக்கக் கச்சான் காற்றில் வெந்த உடம்பு
கொஞ்சம் கொஞ்சமாய் ஆறியது.

"இஞ்ச வா ஒருக்கா."
என் கையைப் பிடித்துத்
தண்ணிக்கு உள்ளே சுவரில் வைத்தார்.
"மேலயிருந்து ஏழாம் வரிசை. விரலால தடவிப் பார்."
வழுக்கி, வழுக்கி, வழுக்கிப் போய்
ஒரு கல் மட்டும்
நகத்தின் கனத்துக்கு வெளியே நின்றது.

"இத வைக்கக்குள்ளதான்
இவள் பிறந்திட்டாள் எண்டு கோல் வந்த.
மட்டம் பிடிக்காம ஓடிட்டன்.
மறுகா வந்து பார்த்தா இறுகிப் போச்சு.
என்ஜினியர் காணல்ல."

அண்டைக்கு வார்டில்
அவர் கையெல்லாம் வெள்ளைச் சாந்து,
பிள்ளையைத் தொடவேண்டாம் என்று
நேர்ஸ் ஏசினது ஞாபகம் வந்தது.
நானும் ஏசினேன், ஏன் பிந்தினீங்க என்று.

பதினொரு வருசம்.
எத்தனை நாட்டு முதுகுகள் இதில் சாய்ந்து,
உறுத்தி, கொஞ்சம் நகர்ந்து இருந்திருக்கும்.

அஸ்மீர் செருமினான்.
கதிரைகள் எண்ணி முடிந்துவிட்டன.
"இன்னும் அஞ்சு நிமிசம், மனே" என்றேன்.
குகதாஸ் அந்தக் கல்லின்மேல்
உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்,
இப்போதும் ஈரம் காயவில்லை என்பதுபோல.