ஒன்பது நிமிட அடிவானம்

தெருவேல் மேட்டில் ஜனவரி.
கையுறைக்குள் விரல்கள் எனக்குச் சொந்தமில்லை.
பன்னிரண்டாம் வரிசையில் நிற்கிறது இன்றைய விமானம்.
வாலில் இருந்த பறவைக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள்;
வெயில் சாய்ந்து விழும்போது மட்டும்
பூச்சுக்கு அடியில் அலகு தெரிகிறது.

கீழிருந்து எவெலியோ கத்துகிறான்:
"ஒப்துலியா, மின்சாரத்தை எடுக்கிறேன்!"

பெரிய திரைகள் ஆறும் உடனே செத்தன.
சொல்லிக்கொள்ளவில்லை.
நடுவில், உள்ளங்கை அகலத்தில்,
இருபத்திரண்டு வருடமாக யாரும் ஏறிட்டுப் பார்க்காத
அந்த மாற்றுக் கருவிக்கு மட்டும்
செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.
உள்ளே பம்பரம் சுற்றுகிறது.
மேலே நீலம், கீழே பழுப்பு, இடையில் வெள்ளைக் கோடு:
இதோ வானம், இதோ மண், இது நீ.

ஒன்பது நிமிடம் நம்பலாம் என்கிறது கையேடு.
அதற்குள் ஒரு வழி பிறந்துவிடும் என்று
எங்கோ ஒரு மேசையில் யாரோ
பென்சிலால் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.
எவெலியோ அந்த ஒன்பதில் ஒரு சிகரெட்டை முடிப்பான்.
நான் துணை விமானியின் இருக்கையை விட்டு எழ மாட்டேன்.
ஏனென்று கேட்டால், வெளியே குளிர் என்பேன்.

பத்தாவதில் அது தள்ளாடும்.
அடிவானம் மெல்ல இடப்பக்கம் சரியும்.
சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்திய விமானம்
கருவிக்குள் மட்டும்
விழும்,
சத்தமில்லாமல்.

கடிகாரம் வேறு ரகம்.
பாட்டரியோடு நேரே பிணைந்தது,
எந்த ஊர் மதியத்தையும் மதித்ததில்லை.
கம்பியை நறுக்கியபோது முள் பதினொன்று ஐம்பத்திரண்டு.
என் கைபேசியில் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.
எவெலியோவின் வயிற்றில், ஒன்று.

பின்பக்கம் ஊர்ந்து போய்ப் பெட்டியைக் கழற்றினேன்.
கறுப்பு என்பார்கள்; முற்றின ஆரஞ்சு.
இருபத்தைந்து மணிநேரம் நினைவில் நிற்கும்,
இருபத்தாறாவது வந்து
முதலாவதின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.
ஆக, அத்தனை வருடப் பறப்பில் மிச்சம்
ஒரு நாளும் ஒரு மணியும்.

தாலினில் வாங்குகிறவர் சான்று கேட்டிருந்தார்.
சாயங்காலம் திரையில் விரித்துப் பார்த்தேன்:
உயரம், வேகம், மூக்கின் சாய்வு,
கோடு, கோடு, கோடு.
கடைசிப் பயணத்தில் பயணிகள் இல்லை,
எடை காட்டிக்கொடுத்துவிட்டது.
இங்கே இறங்கி, உருண்டு, பிரேக் பூட்டிய பிறகு
என்ஜின்கள் அணைவதற்குமுன்
நாற்பது விநாடி:
கைப்பிடி முழுக்க இடம், முழுக்க வலம்,
முழுக்க முன்னே, மார்போடு பின்னே.
இறக்கைகளின் ஓரங்கள் எழுந்து தாழ்ந்திருக்கின்றன.

புறப்படுவதற்கு முன்னால் செய்கிற சோதனை அது.
வந்து நின்ற பிறகு யாரும் செய்வதில்லை.

யார் என்று பெட்டிக்குத் தெரியாது.
அதற்குக் கைப்பிடி எவ்வளவு திரும்பியது என்று தெரியும்,
கை தெரியாது.
இரண்டு முறை பின்னோட்டிப் பார்த்தேன்.
'குறிப்பு' என்ற கட்டத்தில்
'வழக்கத்துக்கு மாறாக ஏதுமில்லை' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

பெட்டியோடு ஒட்டி ஒரு சின்னக் குழல் இருக்கும்.
கடலில் விழுந்தால் நீர் பட்டதும் விழித்து
விநாடிக்கு ஒரு தடவை கூப்பிட வேண்டியது.
கடல் இங்கிருந்து ஒன்றரை மணி வண்டித்தூரம்.
என் சட்டைக் கையில் ஒட்டிவந்த பனி உருகி
அதன் முனையில் சொட்டியதை நான் கவனிக்கவில்லை.

ஹீட்டரடியில் சுருண்டிருந்த தித்தோன்
(கொள்ளிக்கட்டை என்று பொருள், நிறமும் அதேதான்)
சட்டென்று எழுந்தது.
காதுகள் விறைத்தன.
மேசையையே பார்த்துக்கொண்டு நின்றது,
குரைக்கவில்லை.
மனிதக் காதுக்கு எட்டாத சுருதி என்று
பயிற்சியில் படித்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

துணியால் துடைத்து உலரவைத்தேன்.
விளக்கை அணைத்தேன். சாவியை எடுத்தேன்.
தித்தோன் இன்னும் படுக்கவில்லை.