ஒன்பதாம் நாள்

நான் ஓடத் தொடங்கியது உடம்புக்காக அல்ல.
உடம்புக்காக மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.
நான்காக மடித்து
ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தேன்.
மேசை நலமாக இருந்தது.

ஜனவரியில் வாங்கிய காலணி
ஏப்ரல் வரை பெட்டிக்குள்
மெல்லிய தாளை முகம்வரை இழுத்துப் போர்த்தித் தூங்கியது.
எழுப்ப மனம் வரவில்லை.
திங்கள் முதல், என்றேன்.
சம்பளம் வந்ததும், என்றேன்.
பனி உருகட்டும், என்றேன்.
உருகிற்று. மழை பிடித்துக்கொண்டது.
கதான்ஸ்க் நகரத்தில்
வானத்திடம் கேட்டால் சாக்குக்குப் பஞ்சமில்லை.

இருபத்திரண்டு வருடமாக டிராம் ஓட்டுகிறேன்.
ஊர் முழுவதையும் நகர்த்திவிட்டு
உட்கார்ந்தே இருப்பவள்.
மூன்றாம் மாடிக்கு ஏறினால்
இரண்டாம் மாடியில்
சுவரொட்டி படிப்பதுபோல் நிற்பேன்.
அந்தச் சுவரில் ஒன்றும் ஒட்டியிருக்காது.

அன்று பணிமனை உணவறையில் பீட்ரூட் சூப்.
வித்தோல்டு என் தட்டைப் பார்த்து,
"மூன்றாவது ரொட்டியா, பொகுமிவா?" என்றான்.
வெறும் கேள்விதான்.
என் வாய் எனக்கு முன்னால் எழுந்து நின்று சொன்னது:
"தினமும் விடியலில் ஓடுகிறேன்,
பிஷேஷ்னோ கடற்பாலம் வரை. பசிக்காதா?"

நாலைந்து கரண்டிகள் நின்றன.
வித்தோல்டு மென்று முடித்துவிட்டு,
"நானும் அங்கேதான் ஓடுகிறேன்,
பார்த்ததே இல்லையே," என்றான்.
"நான் ஐந்தரைக்கு."
"ஓ. நான் ஆறுக்கு."

அந்த அரை மணி நேரத்தில்
என் மானம் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் பெட்டியைத் திறந்தேன்.
அதை ஓட்டம் என்று சொல்ல நாக்கு கூசும்.
இரண்டு விளக்குக் கம்பம் ஓட்டம்,
ஐந்து விளக்குக் கம்பம் மூச்சு.
விலாவில் யாரோ ஊசி கோத்தார்கள்.
ஒரு கடற்காகம் நடந்தே
என்னைத் தாண்டிப் போனது,
போகிற போக்கில் திரும்பியும் பார்த்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு.
நான் கெட்டிக்காரியும் இல்லை,
இருந்தும் எட்டு நாளும் போனேன்,
பிடிபடக் கூடாதே என்று.
ஆறு மணி ஆகுமுன்
திருடிபோல் திரும்பி வந்தேன்.

ஒன்பதாம் நாள் மழை.
போதுமான மழையா என்று பார்க்க இறங்கியவள்
பார்த்துக்கொண்டே பாலம் வரை போய்விட்டேன்.
மணி ஆறு பத்து.
பாலத்தின் முனையில் ஒருவன்
கம்பியைப் பிடித்தபடி இரண்டாக மடிந்திருந்தான்.
கம்பெனி கொடுத்த கறுப்புப் பணிக்காலணி,
அதன் வாயிலிருந்து தண்ணீர்.

"எத்தனை நாளாக?" என்றேன்.
"எட்டு," என்றான். "நீ?"
"ஒன்பது."
சிரிக்க வேண்டிய இடம்.
இருவரிடமும் அதற்கான மூச்சு இல்லை.
பால்டிக் கடல்தான் எங்களுக்காகக்
கொஞ்சம் சத்தம் போட்டது.

அதற்குப் பிறகு ஓடக் காரணமே இல்லை.
பொய் தீர்ந்துவிட்டது, பயமும்.
பத்தாம் நாள் காலணி ஈரமாகவே இருந்தது.
ஈரக் காலணியோடு ஏன் படியிறங்கினேன்
என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வித்தோல்டு ஜூனில் நின்றுவிட்டான், முழங்கால்.
இப்போது பாலத்தின் ஓரத்தில் உட்கார்ந்து
என் நேரத்தைச் சத்தமாகத் தப்பாகச் சொல்கிறான்.
நான் வாரத்தில் நான்கு நாள்,
மழை நன்றாக இருந்தால் மூன்று.
எவெலினா ஓட்டும் முதல் டிராம் என்னைத் தாண்டும்போது
மணியடிக்கிறாள்.
வெளியிலிருந்து பார்த்தால்
அது எவ்வளவு வெளிச்சமான வண்டி!

நேற்று மேசையை ஜன்னலோரம் நகர்த்தியபோது
அந்தத் தாள் கிடைத்தது.
பிரித்துப் படித்தேன்:
"தினமும் இருபது நிமிடம்
மெதுவாக நடந்தால் போதும்."

மறுபடி நான்காக மடித்தேன்.
மேசை ஆடுகிறதே.