முதல் கூடை

விடியுமுன் படகு வரும்.
இடுப்பளவு ஏரித் தண்ணீரில் நிற்போம்,
வாளியும் கையுமாக.
ஒமேனா மீனுக்கு இரண்டு விலை;
ஒன்றைத்தான் பலகையில் எழுதியிருக்கிறார்கள்.

ஒக்கேலோவின் படகில் முதல் கூடை எனக்கு.
ஏன் என்று அவுவோர் கேட்டதில்லை.
அவளுக்கு அடுத்த படகில்.

ஒருமுறை ஆணுறை என்று வாயெடுத்தேன்.
மறுநாள் கூடை என்னைத் தாண்டிப் போயிற்று.
அன்று பிள்ளைகளுக்கு வெறும் சோளக்களி,
தொட்டுக்கொள்ள ஏரிக்காற்று.

போன மாதம் கிசுமு ஆஸ்பத்திரியில்
வெள்ளை டப்பா ஒன்று கொடுத்தார்கள்,
முப்பது மாத்திரை.
திரும்பும் வேனில்
ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது
என் பெயரைச் சொல்லிக் கிலுகிலுத்தது.
எதிர் சீட்டுக்காரி
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
இறங்கும்போது
என் உள்ளங்கையில் ஒரு பிடிப் பஞ்சு.
"உள்ளே அடைச்சுக்கோ."
அவ்வளவுதான்.

இப்போது நான் சத்தமில்லாமல் நடக்கிறேன்.

இன்றும் படகு வந்தது.
குனிந்து கூடையை நீட்டுகிறான் ஒக்கேலோ.
நனைந்த சட்டைப்பை புடைத்திருக்கிறது,
ஓரத்தில் வெள்ளையாய் ஓர் இழை.

ஏன் என்று நானும் கேட்கவில்லை.
மீனை எண்ணுவதுபோல் நின்றேன்.
எண்ணக்கூடிய மீனல்ல அது.